கிரீன் ஸ்கிரீன் சொதப்புகிறதா? துணியை மாற்றும் முன் இவற்றைப் பாருங்கள்

ஆளுக்குப் பின்னால் பச்சைத் துணி மாட்டி வீடியோ எடுத்து, அந்தப் பச்சையை மென்பொருளில் நீக்கி (இதைத்தான் கீ செய்வது என்பார்கள்) வேறு பின்னணி வைப்பதுதான் கிரீன் ஸ்கிரீன். அந்த வீடியோ சரியாக வரவில்லை என்றால் பெரும்பாலானோர் முதலில் செய்வது மென்பொருளில் ஸ்லைடரை இழுப்பது. அதற்கும் மசியாவிட்டால் வேறு துணி வாங்குவது. இரண்டுக்கும் நடுவில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: கோளாறு துணியிலா, லைட்டிலா, ஆள் நிற்கும் இடத்திலா என்று கண்டுபிடிப்பது. வீட்டு அறையிலும் சின்ன ஸ்டுடியோவிலும் வருகிற பல கோளாறுகளுக்குத் துணி காரணமே இல்லை. துணிதான் காரணம் என்றால், எந்த ஸ்லைடரும் காப்பாற்றாது. ஓபிஎஸ் என்கிற வீடியோ மென்பொருளில் சிமிலாரிட்டியை (பச்சைக்கு எவ்வளவு நெருக்கமான நிறங்கள் வரை நீக்குவது என்ற ஸ்லைடர்) ஏற்றிக்கொண்டே போனால் துணியின் கறை மறைவதற்கு முன்பே ஆளின் காது மறைந்துவிடும்.

முதலில் ஒரு கழித்தல் கணக்கு

கீ, எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஆள் இல்லாமல் வெறும் துணியை மட்டும் வழக்கமான லைட்டில் சில விநாடி எடுங்கள். மொபைலாக இருந்தால் எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) வைட் பேலன்ஸையும் (நிறச் சமன்) லாக் செய்துவிட்டு எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஆள் ஃப்ரேமுக்குள் வந்ததும் கேமரா தானாகவே நிறத்தை மாற்றிவிடும், இந்தச் சோதனைக்கு அர்த்தமே இருக்காது.

அதிலிருந்து ஒரு ஃப்ரேமைப் பிடித்து, ஏதாவது ஒரு போட்டோ எடிட்டிங் ஆப்பில் கலர் பிக்கரால் தொடுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் வரும். பச்சையின் எண்ணிலிருந்து மற்ற இரண்டில் எது பெரியதோ அதைக் கழியுங்கள். கீ செய்யும் மென்பொருள்கள் பலவும் உள்ளுக்குள் செய்வது ஏறக்குறைய இந்தக் கணக்கைத்தான்.

உதாரணத்துக்கு, மேட்டான, அதாவது பளபளப்பில்லாத பருத்தித் துணி 40, 170, 60 என்று காட்டினால் மிச்சம் 110. பளபளக்கும் சாட்டினில் லைட் விழுந்த இடம் 190, 235, 195 என்று காட்டலாம். கண்ணுக்கு அதுதான் பிரகாசமான பச்சை, ஆனால் மிச்சம் வெறும் 40. கிளிப்பச்சை 150, 200, 50 என்றால் மிச்சம் 50. அதில் மஞ்சள் தூக்கலாக இருப்பதால் சிவப்பு எண்ணும் கூடவே ஏறிவிடுகிறது. தோலிலும் மஞ்சள் உடுப்பிலும் இருப்பது அதே சிவப்புதான், அதனால் கிளிப்பச்சையைக் கீ செய்யும்போது ஆளும் சேர்ந்து கரைவார்.

நடுவில், நான்கு மூலைகளில், நான்கு ஓரங்களில் என ஒன்பது இடங்களில் இதைப் பாருங்கள். மிச்சம் எங்கும் பெரிதாகவும் ஏறக்குறைய ஒரே அளவாகவும் இருந்தால் துணியின் மேல் குறையில்லை. எங்கும் ஒரே மாதிரி சிறிதாக இருந்தால், நிறம் தப்பு அல்லது எக்ஸ்போஷர் தப்பு. எக்ஸ்போஷரைக் கொஞ்சம் ஏற்றியும் இறக்கியும் பார்த்து மிச்சம் அசையவில்லை என்றால் அந்தப் பச்சையே வேலைக்கு ஆகாது. பாட்டில் பச்சை போன்ற அடர் நிறங்களில் இது அடிக்கடி நடக்கும். எவ்வளவு லைட் போட்டாலும் விழுங்கிவிடும். மிச்சம் இடத்துக்கு இடம் மாறுகிறதா? அப்படியானால் கீழே உள்ளவற்றில் ஒன்றுதான்.

கோடு கோடாகத் தெரிகிறது, சுருக்கம் போகவே இல்லை

ஒவ்வொரு சுருக்கத்துக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், மறு பக்கம் நிழல். நிழலில் மிச்சம் இறங்கும், கீ போட்டால் அது சாம்பல் கோடாக வந்து நிற்கும். முதலில் லைட்டைப் பாருங்கள். துணியை உரசுவது போலப் பக்கவாட்டிலிருந்து அடித்தால் சின்னச் சுருக்கமும் மலையாகத் தெரியும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய 45 டிகிரியில், துணியிலிருந்து தள்ளி, டிஃப்யூஷன் (வெளிச்சத்தை மென்மையாக்கும் திரை) போட்டு வைத்தால் பாதிச் சுருக்கம் கண்ணில் படாது. மீதிக்கு என்ன செய்வது என்பது துணியின் ரகத்தைப் பொறுத்தது.

பருத்தி என்றால் (மஸ்லின், பாப்ளின், சாயம் போட்ட காடா எதுவானாலும்) புதிதாக இருக்கும்போது அதில் கஞ்சி ஏறியிருக்கும். கஞ்சி மடிப்பையும் பிடித்துக்கொள்ளும், லேசான மினுமினுப்பையும் தரும். ஒருமுறை அலசிக் காயவைத்து, முழுதாகக் காய்வதற்கு முன் அயர்ன் செய்து, கீழே கனம் கட்டித் தொங்கவிட்டால் படிந்துவிடும். முதல் அலசலில் சுருங்கும் என்பதால் அளவாக வாங்கியிருந்தால் போச்சு. இதையெல்லாம் ஒவ்வொரு ஷூட்டுக்கும் செய்யப் பொறுமை இருந்தால் பருத்தியே போதும். அதன் மேட் தன்மைக்குக் குறை சொல்ல முடியாது.

நெய்த பாலியஸ்டரில் சுருக்கம் குறைவு, ஆனால் விழுந்த மடிப்பு எளிதில் போகாது. சூட்டைக் கூட்டி அயர்ன் செய்தால் தேய்த்த இடம் பளபளவென்று ஆகிவிடும், அந்தப் பளபளப்பு திரும்பப் போகாது. குறைந்த சூட்டில், மேலே ஈரத்துணி போட்டு, பின்பக்கமாகத் தேய்க்க வேண்டும். ஸ்டீமர் இருந்தால் அதுதான் நல்லது.

ஸ்டாண்டோடு சேர்த்து மலிவாக வருகிற கிட்டுகள் பலவற்றில் இருப்பது நான்வோவன், அதாவது ஜவுளிக்கடைகளில் தரும் பை செய்கிற அதே சமாச்சாரம். பாலிப்ரொப்பிலீன் என்பதால் அயர்ன் பாக்ஸ் பட்டால் உருகும். தொழிற்சாலையில் விழுந்த மடிப்புக் கட்டங்கள் கடைசி வரை இருக்கும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஸ்டாண்டை வைத்துக்கொண்டு துணியை மட்டும் மாற்றுங்கள். மாறவேண்டியது துணிதான் என்று தயங்காமல் சொல்லக்கூடிய இடம் இது.

ஒரே ஒரு துணிதான் வாங்கப்போகிறேன் என்பவருக்கு நான் சொல்வது பின்னல் துணி. நூல் வளையம் வளையமாகக் கோத்து நிற்பதால் இழுத்தால் கொடுக்கும், சுருக்கம் தானாகவே விரியும். நாம் பனியன் துணி என்று சொல்வது இந்த ரகம்தான். அதிலும் சிங்கிள் ஜெர்சி வேண்டாம், ஓரம் சுருண்டுகொள்ளும், மெல்லியதாகவும் இருக்கும். இன்டர்லாக் கேளுங்கள், 200 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) மேல். ஓரம் சுருளாது, இரண்டு பக்கமும் ஒரே முகமாக இருக்கும். லைக்ரா கலந்த மேட் பாலியஸ்டரும் நன்றாக நிற்கும். திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இது கைக்கெட்டும் தூரம்.

இழுப்பதிலும் அளவு உண்டு. மேலும் கீழும் பைப் நுழையும்படி மடித்துத் தைத்து, மேல் பைப்பை ஸ்டாண்டில் மாட்டி, கீழ்ப் பைப்பின் கனத்தாலேயே விறைக்க விடுவதுதான் சரி. பக்கவாட்டில் நான்கைந்து கிளிப் போதும். கிளிப்புகளை வெறியோடு இழுத்தால் ஒவ்வொரு கிளிப்பிலிருந்தும் நட்சத்திரம் மாதிரி புதுச் சுருக்கங்கள் கிளம்பும். அதிகம் விரிந்த லைக்ரா வெளிறிப் போய்ப் பின்னால் இருப்பதையும் காட்டிக்கொடுக்கும்.

நடுவில் வெள்ளைத் திட்டு

கேமரா இருக்கும் இடத்தில் நின்றுகொண்டு தலையை இடமும் வலமும் நகர்த்துங்கள். திட்டும் உங்களோடு நகர்ந்தால் அது துணியின் பளபளப்பு. நகராமல் அதே இடத்தில் இருந்தால் அங்கே லைட் கூடுதலாக விழுகிறது, அவ்வளவுதான். இரண்டாவது என்றால் லைட்டைப் பின்னுக்கு இழுத்தால் சரியாகிவிடும்.

முதலாவது என்றால், துணியைத் திருப்பி மாட்டிப் பாருங்கள். சாட்டின் போன்றவற்றின் பின்பக்கம் பெரும்பாலும் மங்கலாகத்தான் இருக்கும். அதுதான் நமக்கு வேண்டிய முகம். திருப்பியும் மினுக்கினால் லைட்டின் கோணத்தை மாற்றி, பிரதிபலிப்பு கேமராவுக்கு வராமல் வேறு பக்கம் போகும்படி செய்யலாம். அதற்கும் அடங்கவில்லை என்றால் துணியை மாற்றுங்கள். வெளிச்சம் அப்படியே எதிரொளித்து வெள்ளையாகிப்போன இடத்தில் பச்சை என்ற தகவலே பதிவாகியிருக்காது. இல்லாததை எந்த மென்பொருளும் கொண்டுவர முடியாது.

ஃப்ளீஸ், ஃபெல்ட், ஃபிளானல் மாதிரி மேலே மெல்லிய பஞ்சு எழுந்த துணிகளில் இந்தப் பிரச்சினையே வராது. பஞ்சு வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடித்துவிடும். வெல்வெட்டை யோசிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதன் பூ, அதாவது மேலே எழுந்த இழைகள், ஒரு திசையில் படுத்திருக்கும். கை பட்ட இடமெல்லாம் வேறு நிறமாகத் தெரியும். தொங்கவிட்டதும் மேலிருந்து கீழாக ஒரே திசையில் பிரஷ் போட்டுவிட வேண்டும். கசங்கிய தோற்றத்துக்கென்றே செய்யும் கிரஷ்டு வெல்வெட் பக்கம் போகவே வேண்டாம்.

பெரிய ஸ்டுடியோக்கள் பலவற்றில் பயன்படுத்துவது மெல்லிய ஸ்பாஞ்ச் ஒட்டிய துணி. கார் கூரையின் உள்பக்கம் ஒட்டுகிற ரகம் போல இருக்கும். சுருங்காது, மினுங்காது, பின்னால் இருப்பது தெரியாது. ஆனால் ஒருமுறை மடித்துவைத்தால் ஸ்பாஞ்சில் விழுந்த மடிப்பு போகாது. நம் ஊர் வெக்கையிலும் ஈரக் காற்றிலும் வருஷங்கள் போகப் போக ஸ்பாஞ்ச் பொடிந்து உதிரும். அந்தக் காசுக்குச் சொந்த அறையாக இருந்தால் சுவருக்கே மேட் பெயின்ட் அடித்துவிடலாம் என்பது என் கட்சி.

ஒரு பக்கம் கீ ஆகிறது, இன்னொரு பக்கம் திட்டுத் திட்டாக நிற்கிறது

அறை லைட்டை அணைத்துவிட்டு, துணிக்குப் பின்னால் ஒருவரை டார்ச்சோடு நிற்கச் சொல்லுங்கள். டார்ச்சின் வட்டம் தெளிவாகத் தெரிந்தால் துணி மெல்லியது. பின்னால் ஜன்னல் இருந்தால் அந்தப் பகுதி வெளிறும், மரக் கதவு இருந்தால் அந்தப் பகுதி இருளும். காலையில் சரியாக வந்தது மாலையில் வரவில்லை என்று குழம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மெல்லிய துணியைத் தூக்கிப்போட வேண்டாம். அதே துணியில் இரண்டாவது அடுக்கு போட்டால் பச்சை ஆழமாகும், பின்னால் உள்ளதும் மறையும். அது கிடைக்காவிட்டால் ஓட்டையில்லாத வெள்ளைப் போர்வை ஒன்றைப் பின்னால் முழுதாகத் தொங்கவிடலாம், நிறம் கொஞ்சம் வெளுக்கும் ஆனால் சீராக இருக்கும். ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைப்பது எப்படியும் நல்லது.

டார்ச் தெரியவில்லை என்றால் லைட் சீராக விழவில்லை. துணியை மொபைலில் படம் பிடித்து, கறுப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்டை முழுவதும் ஏற்றிப் பாருங்கள். கண்ணுக்கு ஒரே பச்சையாகத் தெரிந்த துணியில் மேடும் பள்ளமும் பளிச்சென்று தெரியும். சின்ன அறைக்கு இரண்டு எல்இடி டியூப்லைட்டுகளை இரு பக்கமும் நெட்டுக்குத்தாக நிறுத்துவதைவிட எளிய வழி இல்லை. லைட் நீளமாக இருப்பதால் மேலிருந்து கீழ்வரை சீராக விழும். வேவ்ஃபார்ம் (படத்தின் வெளிச்சத்தை 0 முதல் 100 வரை காட்டும் வரைபடம்) பார்க்க வசதி இருந்தால் துணியின் கோடு 40 முதல் 60க்குள் ஒல்லியாக ஓட வேண்டும். மேலே போனால் பச்சை வெளுக்கும், கீழே போனால் நாய்ஸ் (படத்தில் பொரிபொரியாகத் தெரியும் புள்ளிகள்) ஏறும், கறுப்புத் தலைமுடியோடும் குழம்பும்.

முடியிலும் தோளிலும் பச்சை விளிம்பு

இதற்குத் துணியை மாற்றிப் பயனில்லை. நல்ல துணி, நல்ல லைட் இரண்டும் இருந்தால் இது இன்னும் கூடும். துணியில் பட்டுத் திரும்பும் பச்சை வெளிச்சம்தான் ஆள் மேல் விழுகிறது.

ஆளைத் துணியிலிருந்து குறைந்தது 6 அடி முன்னால் நிறுத்துங்கள். அறையில் அவ்வளவு இடம் இல்லையா? கேமராவில் ஆளைச் சுற்றி எவ்வளவு பச்சை தெரிய வேண்டுமோ அதை மட்டும் விட்டுவிட்டு, மீதித் துணியைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். ஃப்ரேமுக்கு வெளியே இருக்கும் பச்சை உங்களுக்கு எந்த நன்மையும் செய்வதில்லை, ஆள் மேல் பச்சை பூசுவதைத் தவிர. மூடிய பகுதியை மென்பொருளில் ஒரு மாஸ்க் (ஒரு பகுதியை மட்டும் பிரிக்க வரையும் எல்லை) போட்டு வெட்டிவிடலாம். அப்புறம் துணி மேல் விழும் லைட்டை முகத்தைவிட அரை ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்).

தேங்காய் எண்ணெய் தடவி வாரிய தலைக்குத் தனிக் கவனம் தேவை. கறுப்பு முடியின் மினுமினுப்பு பின்னாலிருந்து வரும் பச்சையை அப்படியே வாங்கிக் காட்டும். ஷூட் அன்று எண்ணெய் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். சொல்ல முடியாதவர்களாக இருந்தால், பின்பக்கம் மேலே ஒரு சின்ன வெள்ளை லைட் வைத்துப் பச்சையைக் கழுவிவிடலாம். கடைசியாக மிஞ்சுவதை, பச்சைச் சாயலை நீக்கும் டீஸ்பில் என்ற மென்பொருள் வசதி பார்த்துக்கொள்ளும்.

ரேடியம் பச்சை என்று கடையில் காட்டும் பளிச் துணிக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். பெரும்பாலும் அதில் மஞ்சளும் தூக்கல்.

புடவை பார்டரில் ஓட்டை

பட்டுப்புடவையின் ஜரிகை கண்ணாடிக்குச் சமம். எதிரே பச்சை இருந்தால் பச்சையைக் காட்டும், கீ அதை வெட்டிவிடும். செய்தி வாசிப்பு, நிச்சயதார்த்த அழைப்பு வீடியோ, பரதநாட்டியம் என்று எதை எடுத்தாலும் இது வரும். தரையிலும் பக்கவாட்டிலும் இருக்கும் பச்சையைக் கறுப்பால் மூடினாலே ஓட்டைகள் பெரும்பாலும் அடைபடும். மிஞ்சியதற்கு ஆளின் உடம்புக்குள் ஒரு மாஸ்க் வரைந்து, அந்தப் பகுதியில் கீ வேலை செய்யாமல் தடுங்கள்.

புடவையே பச்சை என்றால் பேச்சில்லை, நீலத் துணி வேண்டும். பச்சை கட்டி வருபவருக்கு நீலம் மாட்டலாம், எம்.எஸ். நீலம் கட்டி வருபவருக்குப் பச்சை மாட்டலாம். மயில் கழுத்து நிறத்தில் வந்தால் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வேறு புடவை கேளுங்கள். ஊடும் பாவும் வேறு வேறு நிறம் என்பதால் ஒரு கோணத்தில் நீலம், இன்னொரு கோணத்தில் பச்சை. இரண்டு துணியுமே தோற்கும். இன்னொன்று: வழக்கமான கேமரா சென்ஸாரில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, நீலத்துக்குக் கால்வாசிதான். ஆகவே நீலத் துணிக்குக் கூடுதல் லைட் தேவைப்படும், நாய்ஸும் கொஞ்சம் கூடுதலாக வரும்.

துணியைத் திட்டக் கூடாத சில கோளாறுகள்

விளிம்பு படிக்கட்டு படிக்கட்டாக வருகிறதா? மொபைலும் பல கேமராக்களும் 4:2:0 முறையில் பதிவு செய்கின்றன. நான்கு பிக்ஸலுக்கு ஒரு நிறத் தகவல்தான், 1920க்கு 1080 வீடியோவில் நிறம் மட்டும் 960க்கு 540. 4கேயில் எடுத்து, கீ செய்த பிறகு சிறிதாக்குங்கள். கேமராவில் ஷார்ப்னஸைக் குறைத்தால் விளிம்பில் வரும் கறுப்புக் கோடும் போகும்.

பின்னணி துடிக்கிறதா? இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், லைட்டும் அதற்கேற்பத் துடிக்கும். ஷட்டரை 50இல் ஒன்று அல்லது 100இல் ஒன்று விநாடிக்கு மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும். கை வேகமாக ஆடும்போது விரல்கள் கரைந்தால் இரண்டில் 100ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் நேர்க்கோடு ஒன்று நிற்கிறதா? இது துணி சம்பந்தப்பட்டதுதான். அது தையல். இரண்டு துண்டும் வேறு வேறு தானிலிருந்து (கடையில் இருக்கும் முழுத் துணிச் சுருள்) வெட்டப்பட்டிருந்தால் சாயமும் லேசாக மாறியிருக்கும். தையலைப் படுக்கைவாட்டில், கேமராவில் வராத உயரத்துக்குக் கொண்டுபோகப் பாருங்கள்.

ரொம்ப நாள் நன்றாக இருந்த துணி இப்போது சொதப்பினால், பழைய காட்சியிலிருந்து ஒரு ஃப்ரேமை எடுத்து அதே கழித்தல் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மிச்சம் இறங்கியிருந்தால் வெயிலிலும் சலவையிலும் சாயம் போயிருக்கிறது.

கடையில் நிற்கும்போது

பெயரை நம்பி வாங்காதீர்கள். ஒரே பெயரில் பத்துத் தரம் இருக்கும். மொபைல் ஃபிளாஷைப் போட்டு நேர் எதிரே ஒரு கை நீளத்தில் படம் எடுங்கள், நடுவில் வெள்ளை வட்டம் விழுந்தால் வேண்டாம். ஒரு முனையைக் கைக்குள் இறுக்கிக் கசக்கி அரை நிமிடம் பிடித்துவிட்டு விடுங்கள், எவ்வளவு சுருக்கம் நிற்கிறதோ அதுதான் வீட்டிலும் நிற்கும். டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்து, பின்னால் உங்கள் விரல்களை எண்ண முடிகிறதா என்று பாருங்கள். பிறகு கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் ஒரு படம் எடுத்து, அங்கேயே நின்று கலர் பிக்கரைத் தொடுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

பன்னா, அதாவது துணியின் அகலம், எவ்வளவு என்று கேளுங்கள். நெய்த துணியில் 36, 44, 58 அங்குலம் வழக்கம். பின்னல் துணியில் குழாயை வெட்டி விரித்தால் 60க்கு மேலும் கிடைக்கும். உட்கார்ந்து பேசும் வீடியோவுக்கு 5 அடி அகலம், 7 அடி உயரம் போதும், அதாவது 60 அங்குலப் பன்னாவில் தையலே இல்லாமல் முடித்துவிடலாம். நின்றுகொண்டு கை விரித்துப் பேச 8 அடியாவது வேண்டும். கால் முதல் தலை வரை தெரிய வேண்டும் என்றால் துணி தரையிலும் வளைந்து இறங்கி 5, 6 அடி முன்னால் வர வேண்டும். உயரத்தோடு மேலும் கீழும் மடித்துத் தைக்க அரை அடி, பருத்தியானால் சுருங்குவதற்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தத்தையும் ஒரே தானிலிருந்து வெட்டச் சொல்லுங்கள். வெட்டியதை மடித்துக் கவரில் போடுவதற்கு முன் தடுத்து, துணித் தான் சுற்றிவந்த அட்டைக் குழல் ஒன்றைக் கேட்டு அதில் சுற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.